வலப்பக்க ஆக்ஸிலில் விழுந்த கண்

என் மனைவியின் தம்பி எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறான். போன வருஷம் எவனோ ஓட்டிச் சலித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தான். தரையோடு தரையாகப் போகும் வண்டி. செம்பாக்கத்து வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவன் முகத்தில் பிரசவ வலி தெரியும். தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவெல்லாம் அவனை முந்திக்கொண்டு போகும்.

வண்டி வந்த அன்று எதிர்வீட்டு டீச்சரம்மா வாசலில் நின்று பார்த்தார். ரிடையர்டு ஆனவர், தனியாக இருப்பவர். "கலர் கண்ணைப் பறிக்குதே தம்பி!" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமையே இவன் பல்லாவரம் சந்தையில் தடியான திருஷ்டிக் கயிறு வாங்கி வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டினான்.

கொஞ்ச நாளில் வண்டி இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் 'டக் டக் டக்' என்றது.

"கயிறு கட்டியும் அடங்கலன்னா எப்பேர்ப்பட்ட கண்ணு பாருங்க மாமா!" என்றான். இன்னொரு கயிறும் கட்டினான். சத்தம் கூடியது.

என் மனைவி எதிர்வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவதை நிறுத்தினாள். பேச்சு பரவி, நவராத்திரிக்குத் தெருவில் ஒருத்தரும் டீச்சரம்மாவை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடவில்லை. எல்லோரும் படித்தவர்கள், வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் நல்ல சிந்தனை அனுப்புகிறவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். "இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். வலது ஆக்ஸில் ஜாயின்ட்டைப் பாருடா" என்றேன். "லெஃப்ட்ல திரும்பினா சத்தம், நீங்க ரைட்டைப் பாக்கச் சொல்றீங்க" என்று அக்காவும் தம்பியும் சிரித்தார்கள்.

பரிகாரமெல்லாம் முடிந்த பிறகுதான் தாம்பரத்தில் ஒரு ஷெட்டுக்கு என்னோடு வந்தான். வண்டியைத் தூக்கியதும் மெக்கானிக் கூவினார்: "இன்னா சார், ஆக்ஸிலுக்கு அரணாக் கவுறு கட்டி வெச்சுக்கீற?"

இரண்டு கயிறும் அவிழ்ந்து வலது ஆக்ஸிலில் சுற்றி, ஜாயின்ட்டை மூடியிருந்த ரப்பர் உறையை அறுத்துவிட்டிருந்தன. உள்ளே இருந்த கிரீஸ் வெளியே, வெளியே இருந்த மண் உள்ளே. ஜாயின்ட்டுக்குள் உருளும் இரும்புக் குண்டுகள் தேய்ந்து பல்லிளித்தன. ஜாயின்ட்டையே மாற்றி, கிரீஸ் அடைத்து, புது உறை போட்டார். இடப்பக்கம் வட்டமடித்துப் பார்த்தோம். சத்தமே இல்லை.

"டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்றேன்.

"அவங்க மூஞ்சிக்கு நேரா நான் ஒண்ணுமே சொல்லலையே மாமா. என்னன்னு போய்ச் சொல்றது?"

"முடிஞ்சதைக் கிளறாதீங்க" என்றாள் அவன் அக்கா. என்ன பெருந்தன்மை!

மறுநாள் காலை வண்டி பூனை மாதிரி கேட்டைத் தாண்டித் திரும்பியது. டீச்சரம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை மாதமும் டக் டக் கேட்டதும் வீட்டுக்குள் போய்விடுவாராம், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்தவர் எதிரே வண்டியைப் பார்த்ததும் பதறி எழுந்து, கோலமாவு ஒட்டிய கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.