இருபத்துநாலு பெண்களுக்கு ஓர் ஆற்றங்கரை

சாரணியர் முகாம் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை ஒரே இடம்தான்: பூப்பந்து மைதானம். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி அது. பொங்கல் கழிந்ததும் அந்த மைதானத்தில் மூன்று கூடாரங்கள் அடிப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அப்பாக்கள் ஃபிளாஸ்கில் பாலோடு கேட்டில் வந்து நிற்பார்கள். ஒன்பது மணிக்குப் பாதிப் பெண்களுக்குத் தலைவலி வந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் ஹாஸ்டல் வராந்தாவில் பாய் விரித்துக்கொள்வார்கள். கூடாரங்கள் பாட்டுக்குக் காலியாக நிற்கும். மறுநாள் எல்லோருக்கும் சான்றிதழ்.

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் அங்கே ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாவது வருஷம், சாரணியர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது, வாய் கொஞ்சம் நீளம். முதல் கூட்டத்திலேயே, "இந்த வருஷம் ஆத்தங்கரையிலதான் முகாம்" என்று அறிவித்துவிட்டேன். இருபத்துநாலு பெண்களும் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்புக் கதவு சாத்தப்பட்டது.

அவர்களில் ஆறு பேர் பதினோராம் வகுப்பு. பரீட்சை முடிந்தால் பள்ளியை விட்டுப் போகிறவர்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியை அவள் அப்பா தினமும் சைக்கிள் கேரியரில் கொண்டுவந்து விட்டு, சைக்கிள் கேரியரில் கூட்டிப்போவார். அவள் மட்டும் கூட்டம் முடிந்தும் நின்றாள்.

"சத்தியமாவா டீச்சர்? நான் ஆத்துல கால் வெச்சதே இல்ல. பாலத்துல பஸ் போறப்ப ஜன்னல் வழியா பாத்ததோட சரி."

காவிரியிலிருந்து ஒரு மைலில் வீடு. பதினாறு வயது. எனக்குக் கோபமே வந்தது. "சத்தியமா" என்றேன்.

தலைமை ஆசிரியையான மதரிடம் அனுமதி கேட்டபோதுதான் சத்தியத்தின் விலை தெரிந்தது. மதர் விரல்விட்டு எண்ணினார். இரவும் பகலும் இரண்டு காவல்காரர்கள். கூடாரங்களை லாரியில் ஏற்றி இறக்க நாலு ஆட்கள். ஞாயிறு பூசைக்குச் சாமியார். இரண்டாம் நாள் மாலை அப்பாக்கள் வந்து பார்த்துப் போகலாம். இடத்தை மதரே நேரில் பார்ப்பார், பிடிக்காவிட்டால் பழையபடி பூப்பந்து மைதானம். நான் எழுந்து வரும்போது குரலைத் தாழ்த்தி, "மற்ற வசதியும் இருக்கணும்" என்றார்.

மற்ற வசதி என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான்.

எனக்குத் துணையாகச் சயின்ஸ் டீச்சரைப் போட்டார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், எதையும் நோட்டில் குறித்துக்கொள்கிறவர். கொள்ளிடம் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அதன் வடகரையில் அவர் இறங்கி நின்றதே இல்லையாம்.

"அந்தக் கரைக்கு என்னத்துக்குப் போறது? பெருமாள் இங்கேன்னா இருக்கார்" என்றார்.

எங்களிடம் ஒரு கைப்புத்தகம் இருந்தது, வெளிநாட்டில் அச்சானது. முகாம் இடம் சரிவாக இருக்க வேண்டும், வெயில் நன்றாக விழ வேண்டும், குளிர்காற்றுக்கு மறைவு வேண்டும் என்றெல்லாம் போட்டிருந்தது. திருச்சியில் நின்றுகொண்டு வெயில் விழும் இடத்தைத் தேடுவதா! சயின்ஸ் டீச்சர் அதையும் நோட்டில் குறித்து, பிறகு அடித்தார்.

முதல் சனிக்கிழமை முக்கொம்புக்குப் போனோம். அழகான இடம்தான். மரம், நிழல், தண்ணீர் எல்லாம் உண்டு. கூடவே புளியோதரை மூட்டையோடு பாதித் திருச்சியும் உண்டு. எங்கள் பெண்கள் அங்கே சீருடைப் பாவாடையில் அணிவகுத்தால் வேடிக்கை பார்க்க டிக்கெட் போடலாம். வந்த பஸ்ஸிலேயே திரும்பினோம்.

அடுத்ததாகத் திருவானைக்காவல் பக்கம் ஒரு மாந்தோப்பு. சொந்தக்காரர் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, நல்ல மனிதர். இளநீர் வெட்டிக் கொடுத்தார். கிணற்றைக் காட்டினார், மோட்டாரைப் போட்டுக் காட்டினார், முள்வேலியை ஆட்டிக் காட்டினார். ஆறு மட்டும் இல்லை. கேட்டால், "வாய்க்கால் இருக்குங்களே" என்றார்.

"மற்ற வசதி?" என்றேன்.

"மற்ற வசதின்னாங்க?"

"மற்ற வசதிதாங்க."

யோசித்தார். மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப்போய் மின்விளக்கைப் போட்டுக் காட்டினார். சயின்ஸ் டீச்சர் நோட்டில் 'விளக்கு' என்று எழுதினார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான்கு எழுத்தில் ஒரு வார்த்தை, அது இரண்டு படித்த பெண்களின் தொண்டையை விட்டு வெளியே வர மறுத்தது.

திரும்பி வரும்போது நான் பிடிவாதமாகக் கொள்ளிடம் பாலம் வரை நடந்தேன். பாலத்திலிருந்து மேற்கே பார்த்தால் வடகரையில் ஆறு ஒரு வளைவு வளைகிறது. வளைவுக்குள் அடர்த்தியாகத் தாழம்புதர், நாலைந்து பெரிய மருதமரங்கள், முன்னால் வெள்ளை மணல். எத்தனை தரம் இந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. திங்கட்கிழமை மதரிடம் ஓடிப்போய், இடம் கிடைத்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே, வாய் நீளம்.

மறு சனிக்கிழமை வடகரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரைமேல் நடந்தோம். சின்ன ஊர். டீக்கடையில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வளைவைக் காட்டி, "அங்க என்னங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணுமில்லீங்க" என்றார் கடைக்காரர், கையிலிருந்த கிளாசைப் பார்த்துக்கொண்டு.

"மரம் தெரியுதே?"

"மரம்தாங்க. வேற ஒண்ணுமில்ல. நீங்க கிழக்கால போய்ப் பாருங்க, நல்ல மைதானம் இருக்கு."

வழியில் கீரைக்கட்டோடு வந்த ஒருவரைக் கேட்டோம். அவரும் அதையேதான் சொன்னார், அதே மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு. மூன்றாவதாக ஒருவர் கேள்வி முடிவதற்குள் நடையைக் கட்டிவிட்டார். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இத்தனை பேர் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? எனக்குக் கால் நிற்கவில்லை.

"கள்ளச்சாராயம் காய்ச்சறா. சந்தேகமே இல்லை" என்றார் சயின்ஸ் டீச்சர். மதுவிலக்கு இருந்த காலம். "திரும்பிடலாம் வாங்கோ, நேக்குப் படபடன்னு வரது."

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தோம். கரைமேல், ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்து நின்றார். எதிரே ஒருவரும் இல்லை. "கன்னுக்குட்டி அங்க வந்துச்சா?" என்று வயலைப் பார்த்துக் கத்தினார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, புதருக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல் பதில் சொன்னது: "வந்துச்சு, வந்துச்சு. ஓட்டி விடறேன், நீ போ." அவர் திரும்பிப் பார்க்காமலே நடந்தார். கொஞ்ச நேரத்தில் கன்று தானாகக் கரையேறி அவர் பின்னால் போயிற்று.

நான் சயின்ஸ் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

புதருக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பத்தடி போனதும் சிரிப்புச் சத்தம். இன்னும் பத்தடி போனதும் ஊரில் பாதி அங்கே இருந்தது, பெண்பாதி. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஒருத்தி நீந்திக் காட்டிக்கொண்டிருந்தாள். மருதமரத்து வேரில் உட்கார்ந்து மூன்று பேர் தலை உலர்த்தினார்கள். ஒருத்தி துணி துவைத்தபடியே மாமியாரைப் போலப் பேசிக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆற்றோட்டத்துக்குக் கீழ்ப்புறம், புதர் இன்னும் அடர்ந்த பக்கத்திலிருந்து, செம்பும் கையுமாக ரெண்டு பேர் சாவகாசமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். மற்ற வசதி!

எங்களைக் கண்டதும் எல்லாம் நின்றது. இடுப்பில் குழந்தையோடு, சொட்டச் சொட்ட நின்ற ஒருத்தி முன்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"யாரும்மா நீங்க? வழி தப்பி வந்துட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பெண்கள், இருபத்துநாலு பேர், மூன்று நாள். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மலர்ந்தது. நீந்தியவள் கூட, "வரட்டுமே, நானே நீச்சல் கத்துத் தரேன்" என்றாள்.

"கூட யாரு வருவாங்க?" என்றாள் குழந்தைக்காரி.

காவல்காரர்கள், லாரி ஆட்கள், சாமியார், அப்பாக்கள் என்று மதர் எண்ணிய அதே வரிசையில் நானும் எண்ணினேன். நாலாவது விரலுக்கு வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. குரல் இறங்கிவிட்டது.

அவள் கோபப்படவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மேலண்டத் துறை ஆம்பளைங்களது. இது எங்களுது. யாரும் வேலி போடல, போர்டு வைக்கல. எங்க ஊரு ஆம்பளை இந்தப் பக்கம் தலை திருப்ப மாட்டான். நீங்க மூணு நாள் இருந்துட்டு நல்லபடியா போயிருவீங்க டீச்சரம்மா. லாரி வந்த தடம் போயிருமா? வெளியூரு ஆம்பளைங்க ஒருக்கா வந்து பார்த்துட்டா, அப்புறம் நாங்க எங்க போறது, சொல்லுங்க."

எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டேன். 

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க. உங்க பொண்ணுங்க சும்மா குளிக்க வரதுன்னா என்னிக்கு வேணா கூட்டிட்டு வாங்க. கூடாரம் வேணாம்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். ஒரு மாதத்தில் ஒரே வாயால் இரண்டாவது சத்தியம்.

செவ்வாய்க்கிழமை மதர் பள்ளி வேனில் வந்தார். நான்தான் முந்தின வாரத் திங்கட்கிழமையே வாய் விட்டு வைத்திருந்தேனே. கரைமேல் வேனை நிறுத்தி இறங்கினார். டிரைவரும் இறங்கி என் பக்கத்தில் நின்றார். மதர் கண்ணுக்கு மேல் கையை வைத்து வளைவைப் பார்த்தார். மாலை வெயிலில் மணல் அப்படி இருந்தது.

"நல்ல இடமாத் தெரியுதே. அங்க என்ன இருக்கு?"

சைக்கிள் கேரியர் பெண்ணின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரி சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"அங்க ஒண்ணுமில்ல மதர்."

மதர் சயின்ஸ் டீச்சரைப் பார்த்தார். ஏகாதசி விரதத்தில் ஒரு வாய் மோர் குடித்தால்கூட நாலு பேரிடம் சொல்லி வருந்தும் மனுஷி அவர். நோட்டை மூடினார். "வெறும் புதர் மதர். பாம்பு இருக்கும்" என்றார்.

முகாம் மாந்தோப்பில் நடந்தது. தோப்புக்காரரிடம் இந்தத் தடவை நேராகவே கேட்டேன்: "பொம்பளப் பிள்ளைங்க ஒதுங்க எடம் எங்கங்க?" அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி மனைவியை அழைத்துவந்தார். அந்த அம்மாள் ஒரு மணி நேரத்தில் பின்பக்கம் கீற்றுத் தட்டி கட்டுவித்தார். அவ்வளவுதான் விஷயம்.

பெண்கள் ஆடினார்கள், பாடினார்கள், குழைந்த சோறு வடித்தார்கள். ஆனாலும் முதல் நாளே ஒருத்தி, "ஆறு எங்க டீச்சர்?" என்று கேட்டாள். வாய்க்காலைக் காட்டினேன். சைக்கிள் கேரியர் பெண் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் தேவலை. அவமானத்தில் நான் அந்த மூன்று நாளும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, சயின்ஸ் டீச்சர் ஒரு தாளை மதரிடம் கையெழுத்துக்கு நீட்டினார். பதினோராம் வகுப்புப் பெண்கள் ஆறு பேருக்குத் தாவரம் சேகரிக்கும் பயணம், இரண்டு ஆசிரியைகளுடன், சனிக்கிழமை காலை முதல் மதியம் வரை. மதர் தாளையும் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்துத் துணி எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சீருடை இல்லை, விசில் இல்லை, கூடாரம் இல்லை. பஸ்ஸில் போய் இறங்கிக் கரைமேல் நடந்தோம். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் கிளாஸ் கழுவத் திரும்பிக்கொண்டார். குழந்தைக்காரி கையாட்டினாள். சைக்கிள் கேரியர் பெண் செருப்பைக் கழற்றி மரத்தடியில் ஒழுங்காக வைத்தாள். ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே வரவைக்க எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. சயின்ஸ் டீச்சரும் மடிசாரோடு இறங்கிவிட்டார். சேகரித்த தாவரம் ஒரே ஒரு தாழம்பூ.

திரும்பும்போது அவள் அப்பா பாலத்துப் பஸ் நிறுத்தத்திலேயே சைக்கிளோடு நின்றார். மகளின் ஈரத் தலையைப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பக்கமா போனீங்க? அங்க என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"அங்க ஒண்ணுமில்லப்பா" என்றாள்.