எங்கள் அண்ணனின் மூக்கு

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. "நல்லத மட்டும் எழுதும்மா" என்றார் அண்ணி. எழுதப் போவது நல்லதுதான். ஆனால் அதில் என் தவறும் கலந்திருக்கிறது.

அண்ணன் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்தவர். சுரங்கம் மூடி அப்பாவுக்கு வேலை போனதும் படிப்பை நிறுத்திவிட்டு, கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். கடைசியில் பங்காருப்பேட்டைக்கு அப்பால் ஒரு கேஸ் கிடங்கில் நிலைத்தார். டேங்கர் லாரியில் வரும் புரொப்பேனைப் பெரிய தொட்டிகளில் இறக்கும் வேலை. அந்த வாயுவுக்குச் சொந்த வாடை கிடையாதாம். கசிந்தால் தெரியவேண்டும் என்றே ஒரு நாற்றத்தைக் கலப்பார்களாம். "அலாரம் இருக்குது. அதுவும் ஒரு நாள் மக்கர் பண்ணும். மூக்கு தூங்கக்கூடாது" என்பார். வீட்டிலும் அப்படித்தான். தாளிப்பு சற்றுக் கருகினாலும் தெருமுனையிலிருந்தே அண்ணியைக் கேலி செய்துகொண்டு வருவார்.

ஒருமுறை அவர் கடும் காய்ச்சலில் படுத்தார். அது விட்ட மறுவாரம் பார்க்கப் போனேன். அடுப்பில் பால் தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அண்ணன் அடுத்த அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, தீயிற வாடை தெருவுக்கே வருது!"

அண்ணன் முகம் வெளுத்தது. "எனக்கு ஒண்ணும் வரலியேம்மா... அண்ணிகிட்ட சொல்லாத. பொண்ணு காலேஜ் முடிக்கணும். வேலை பூடும்."

நான் சொல்லவில்லை. எட்டு நாள் ஷிப்டுக்குப் போனார். எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் கிடங்கிலிருந்துதானோ என்று ஓடிப்போய் எடுப்பேன். அண்ணனுக்காகப் பயந்தேனே தவிர, அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களை நினைக்கவே இல்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

ஒன்பதாம் நாள் லாரி வந்து நின்றது. குழாயைக் கையில் எடுத்த அண்ணன், அதைக் கீழே வைத்துவிட்டு அதிகாரியிடம் போனாராம். "சார், எனக்கு மூக்கு செத்துப்போச்சு. வேற ஆள நிறுத்துங்க." அவருக்குப் பதிலாக நின்ற நண்பர் முனிரத்தினம், வால்வைத் திறந்த சற்று நேரத்தில் வாடை பிடித்து உடனே மூடிவிட்டார். குழாய் வாஷர் தேய்ந்திருந்ததாம்.

அதன்பின் அண்ணனுக்கு வாயிலில் வேலை. உள்ளே போவோரின் தீப்பெட்டியையும் போனையும் வாங்கி வைப்பார். மோப்பம் திரும்பவே இல்லை. நெஞ்சு நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளிலும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏதாச்சும் வாடை வருதா பாரும்மா."

"இல்லண்ணா. தூங்குங்க."

தூங்கினார்.

வேலையை விட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்ட அதிகாரிக்கும், முனிரத்தினம் அவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த எங்கள் கோரமண்டல் குடியிருப்பின் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுமுன், உங்கள் வீட்டுச் சமையற்கட்டில் ஒரு நிமிடம் நின்று மோந்து பாருங்கள். அவருக்காக.