என் கோபம் யாருடையது

எனக்கு மூக்குமேல் கோபம். அது அம்மாவிடமிருந்து வந்தது என்பதில் சின்ன வயசில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தேக்கா சந்தையில் மீன்காரன் எடையில் விளையாடினால், அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பில் கை வைப்பாள். அப்புறம் அந்த ஆள் பாடு திண்டாட்டம்தான். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படியே. அக்கா நேர்மாறு, அப்பாவைப் போல வாயில்லாப் பூச்சி. "பெத்தது அப்பனை உரிச்சு வச்சிருக்கு, எடுத்தது உன்னை உரிச்சு வச்சிருக்கு" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவைக் கிண்டல் செய்வார்கள்.

எடுத்தது நான். பெண் குழந்தை போதும் போதும் என்றாகிவிட்ட சீன வீடுகளில், பிள்ளையைத் தமிழர் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற வழக்கம் அப்போது இருந்தது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் என்னைப் போலச் சீன முகமும் நெற்றியில் பொட்டுமாகப் பலர் வளர்ந்தோம். இதில் ஒளிவுமறைவு கிடையாது. முகம் பெத்தவங்களோடதாவே இருக்கட்டும், கோபம் எங்கம்மாவோடது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், என்னைக் கொண்டுவந்து கொடுத்த மருத்துவச்சி ஒரு சேதி கொண்டுவந்தாள். தோ பாயோவில் அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். அங்கே குடியிருப்பவர்கள் கிளம்புகிறார்களாம். அங்கே இருக்கிற என்னைப் பெற்றவள் அதற்குமுன் ஒரு தடவை என்னைப் பார்க்க ஆசைப்படுகிறாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா என் சடையைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அம்மா, அக்கா, மருத்துவச்சியோடு பஸ்ஸில் போகும்போது, பெற்றவள் பரம சாதுவாக இருக்கவேண்டும் என்று அத்தனை சாமியையும் வேண்டிக்கொண்டேன். அப்படி இருந்துவிட்டால் கோபம் அம்மாவுடையதுதான் என்று முடிவாகிவிடும்.

அத்தாப்பு ஓலை வீடுகளுக்கு நடுவே நடக்கும்போதே ஒரு பெண்குரல் காதைப் பிளந்தது. கோழியைத் தோட்டத்தில் மேயவிட்ட பக்கத்து வீட்டுக்காரனை ஒருத்தி இடுப்பில் கை வைத்து விளாசிக்கொண்டிருந்தாள். "அவதான்" என்றாள் மருத்துவச்சி. என் கோபம் என் கண்முன்னே சீனத்தில் கத்திக்கொண்டிருந்தது. அம்மாவும் பார்த்தாள்.

உள்ளே எங்களுக்குக் கோப்பி கொடுத்தது அவளுடைய மூத்த மகள், எனக்குக் கூடப்பிறந்தவள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பிறந்த அதே வயிறு, வளர்த்தது அந்தப் பெரிய வாய், ஆனால் பிள்ளை எங்கள் அக்கா மாதிரியே வாயில்லாப் பூச்சி. எனக்கு ஒரே ஆச்சரியம்.

பெற்றவள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சந்தையில் எல்லாரும் பேசுகிற மலாயில் அம்மாவைக் கேட்டாள். "என்ன இவ்வளவு ஒல்லியா இருக்கா? சோறு போடுறியா இல்லையா?"

அம்மா எழுந்து முந்தானையைச் செருகினாள். இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். எங்கள் அக்காவும் அந்த அக்காவும், சொல்லிவைத்தாற்போல, கோப்பிக் குவளைகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். ரொம்பப் பழக்கம் போலிருக்கிறது.

"இங்கேயே இருந்திருந்தா நல்லா கொழுகொழுன்னு வளர்ந்திருப்பா" என்று பெற்றவள் சொன்னதுதான் தாமதம், அம்மாவின் கை இடுப்பிலிருந்து நழுவியது. கண் நிறைந்துவிட்டது. அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

துள்ளி எழுந்தேன். கை தானாக இடுப்புக்குப் போனது. "எங்கம்மாவ இன்னொரு வார்த்தை சொன்னீங்க, நடக்கிறதே வேற" என்று தமிழிலேயே கத்தினேன்.

பெற்றவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் பூரித்துப்போனாள். "பாரு பாரு, அப்படியே நான்" என்று கைதட்டிச் சிரித்தாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மலாயில் சொன்னாள். "கத்துறது உன்னை மாதிரிதான். யாருக்காகக் கத்துறான்னு பார்த்தியா?"

பெற்றவளின் சிரிப்பு நின்றது. என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிவந்து அம்மாவுக்குப் போட்டாள்.