பீட்டர் வீட்டு மேற்கு ஓரம்

ஆவூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஓட்டு வீட்டுக்கு முதல் எதிரி மழை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மயில்தான். மழை வருஷத்தில் ரெண்டு மூன்று மாதம் வரும், மயில் தினமும் வரும். வந்து, கூரையின் சாய்ந்த ஓரத்தில், ஓடுகளின் முனையைச் சிமெண்டுக் கலவை பூசி மூடியிருக்கிறார்களே, சரியாக அந்த இடத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்காரும். கிளம்பும்போது ஒரு உதை விட்டுக் கிளம்பும். கலவையில் விரிசல் விழும். அடுத்த மழையில் அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, கூரையைத் தாங்கும் கைமரம் ஊறும். உடனே வீட்டுக்காரர் திருப்பதிக்குப் போன் போடுவார்.

திருப்பதி என்றால் மலை ஏறிச் சாமி கும்பிடும் ஊர் இல்லை. ஏணி ஏறி ஓடு மாற்றும் ஆள். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் மூன்று பெண்களும் தப்பித்தார்கள் என்று அவருடைய கூட்டாளி பீட்டர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஆறு வருஷமாகத் திருப்பதி கலவையைக் கையால் தொடுவதில்லை. ஓரம் பெயர்ந்துவிட்டது என்று கூப்பிட்டால், இருக்கிற கலவையையும் உளி வைத்துத் தட்டி எடுத்துவிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் வரும் ஓரமூடியை மாட்டிவிட்டு வருவார். முழங்கை நீளம் இருக்கும், ‘ட’ எழுத்து மாதிரி மடிந்திருக்கும். கீழ்முனையில் ஒன்றை வைத்து, ஓடு உட்காரும் ரீப்பர் கட்டையோடு ஸ்க்ரூ முடுக்கி, அதன் வாயில் அடுத்ததைச் சொருகி, அப்படியே உச்சி வரைக்கும் போக வேண்டும். வெயிலில் மரம் சுருங்கினாலும் காற்றில் ஓடு அசைந்தாலும் அதுவும் கூடவே அசைந்து கொடுக்கும். வெடிக்காது. மயில் உட்கார்ந்தால் வழுக்கும். வழுக்கிய மயில் ஒன்று திருப்பதியை ஒரு பார்வை பார்த்ததாம். அந்தப் பார்வைக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பார்.

“ஏன் திருப்பதி, நல்லாத்தான பூசிக்கிட்டு இருந்த? எதுக்கு இந்த டப்பா சாமான்?” என்று கேட்பவர்களிடம், “கலவை கைக்கு ஒத்துக்கல, அரிக்குது” என்று சொல்லிவிடுவார்.

கையில் அரிப்பெல்லாம் ஒன்றும் இல்லை. மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் பீட்டர் வீடு இருந்தது. அதுதான் காரணம்.

பீட்டரும் அவரும் இருபது வருஷம் ஒரே ஏணியில் ஏறி இறங்கியவர்கள். பீட்டரின் மனைவி செல்வராணி இவரை அண்ணே என்பார். அந்தக் கணக்கில் பீட்டர் இவருக்கு மச்சான். ஓட்டு வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பக்கத்து ஓரம் பூசி முடிக்கும் நேரம் பார்த்து, கீழே நிற்பவன் சத்தமில்லாமல் ஏணியை எடுத்துவிடுவான். மேலே இருப்பவன் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, கெஞ்சலுக்கு வந்து, கடைசியில் புரோட்டா வாங்கித் தருகிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்புறம்தான் ஏணி வரும். ஒருமுறை திருப்பதியை மத்தியானச் சாப்பாடு முடியும் வரை மேலேயே உட்கார வைத்துவிட்டு, அவருடைய தூக்குச்சட்டியையும் சேர்த்துக் காலி செய்தவர் பீட்டர். அடுத்த வாரமே திருப்பதி பழி வாங்கினார். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

கஜாப் புயல் வந்து போனதும் மாவட்டத்தில் பாதிக் கூரைக்கு ஓரம் இல்லை. ரெண்டு பேருக்கும் ஓய்வு ஒழிச்சல் கிடையாது. ஊரான் வீட்டையெல்லாம் பூசி முடித்துவிட்டுப் பீட்டர் தன் வீட்டுக்கு வர ஏழெட்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்வராணி, எட்டு வயது மகள் இளமதியைக் கூட்டிக்கொண்டு கந்தர்வக்கோட்டையில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, “அந்த ரப்பர் செருப்போட மேல ஏறாதீங்க, வழுக்கும். சொன்னாக் கேளுங்க” என்றார்.

“ஆகட்டும் மகாராணி” என்றார் பீட்டர்.

மேற்கு ஓரம் பாதிக்கு மேல் பூசியாகிவிட்டது. திருப்பதி வழக்கம்போல ஏணியை எடுத்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போட்டார். “டேய், ஏணிய வைடா” என்று மேலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “டீ வாங்கிட்டு வாரேன், அதுவரைக்கும் கோயில் கோபுரத்தப் பாத்து செபம் பண்ணு மச்சான்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாலித்தீன் பையில் டீயோடு திரும்பி வந்தபோது பீட்டர் கீழே கிடந்தார். இவர் ஏணியை எடுத்துவிட்டால் அவர் ஓரத்தில் கால் ஊன்றி மதில் மேல் இறங்கப் பார்ப்பார். நாலைந்து முறை அப்படி இறங்கி, இவர் மூக்கை உடைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் கால் ஊன்றிய இடத்தில் கலவை ஈரம்.

மூச்சு இல்லை. திருப்பதி கத்தினார். ஆனால் கத்துவதற்கு முன்னால் வேறொன்று செய்தார். ஓடிப்போய் ஏணியை எடுத்துவந்து சுவரில் சாத்தினார். ஏன் செய்தோம் என்று அவருக்கே தெரியாது. ஜனம் கூடி, எப்படி விழுந்தான் என்று கேட்டபோது, சுவரோரம் பீட்டர் கழற்றி விட்டிருந்த செருப்பு கண்ணில் பட்டது. “செருப்போட ஏறினான். ஏணியில வழுக்கிருச்சு” என்றது வாய்.

அவ்வளவுதான். நாலே வார்த்தை. ஊர் நம்பியது. செல்வராணியும் நம்பினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் திருப்பதி மேலே ஏறிப் பார்த்தார். பூச்சு முடிந்த இடத்தில், இறுகிப்போன கலவையில், ஒரு வெறுங்காலின் தடம். குதிகால் லேசாக, முன்பாதம் ஆழமாக, ஐந்து விரலும் தனித்தனியாக. செருப்பு இல்லாத கால் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கே ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து மேற்கு ஓரம் முழுக்க மூடிக் கட்டினார். பிறகு ஆறு வருஷம் அந்தத் தார்ப்பாயை மாற்றுவதும் கட்டுவதும் அவர் வேலை. அந்தக் கூரையில் வேறு ஒரு ஆளை ஏற விட்டதில்லை. ரேஷன் அரிசி தூக்கி வருவது, இளமதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, காய்ச்சல் என்றால் கீரனூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். ஊரில் நல்ல பெயர். அதை யாராவது எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த ஐப்பசியில் தார்ப்பாய்க்குக் கீழே ரீப்பர் கட்டை இற்றுவிட்டது. இளமதி படிக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டியது.

“மாமா, எங்க வீடு லாரி மாதிரி இருக்கு. லோடு எப்படி எறக்குவீங்கன்னு பிரண்டுங்க கேக்குறாளுங்க” என்றாள் இளமதி. ஒன்பதாம் வகுப்பு. அப்பன் வாய் அப்படியே வந்திருந்தது.

“அதானே. ஊருக்கெல்லாம் மூடி போடுறீங்க. தங்கச்சி வீட்டுக்கு மட்டும் தார்ப்பாயாண்ணே?” என்றார் செல்வராணி.

தப்பிக்க வழியில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை செல்வராணி நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார், இளமதி பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஆள் இல்லாத வீட்டில் உளி வைத்து ரெண்டு தட்டு. தடம் தூளாகிவிடும். உலகத்தில் அதைப் பார்த்தவர் ஒருவர்தான், அவரும் வாயைத் திறக்கப் போவதில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் செல்வராணி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“வேலைக்குப் போகலையா தங்கச்சி?”

“லீவு சொல்லிட்டேன். ஏணியப் பிடிக்க ஒரு ஆளு வேணாமா? ஒரு தடவ பட்டது போதாதா? செருப்பக் கழட்டுங்க மொதல்ல.”

திருப்பதி செருப்பைக் கழற்றினார். மேலே போய்த் தார்ப்பாயை அவிழ்த்தார். கீழ்முனையிலிருந்து தட்ட ஆரம்பித்தார். பீட்டர் பூசிய கலவை நல்ல கெட்டி, லேசில் வரவில்லை. ஒவ்வொரு துண்டாகப் பெயர்ந்து விழ, கீழே செல்வராணி ஒதுங்கி நின்று பேசிக்கொண்டே இருந்தார். இளமதி கணக்கில் வாங்கிய மார்க், பக்கத்து வீட்டு ஆடு தின்ற முருங்கைக் கன்று, இப்படி. ஒன்றரை மணி நேரத்தில் உளி தடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

தடத்தில் தூசி படிந்திருந்தது. திருப்பதி அதைக் கையால் துடைத்தார். துடைத்திருக்கக் கூடாது. விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

“என்னண்ணே, சத்தத்தக் காணோம்?”

“ஒன்னுமில்ல.”

“உளி கிளி விழுந்துருச்சா?”

“இல்ல.”

உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி, மச்சான் செருப்புப் போட்டு ஏறல.”

“என்ன சொல்றீங்க? காதுல விழல.”

“செருப்பக் கழட்டி வச்சுட்டுத்தான் ஏறினான். நான் பொய் சொன்னேன். அப்ப இங்க ஏணி இல்ல. நான்தான் எடுத்து அங்கிட்டுப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். வெளாட்டுக்கு. அவன் எறங்கப் பாத்துருக்கான். காலு பட்ட எடம் இந்தா இருக்கு.”

ஏணி ஆடியது. செல்வராணி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி வந்தார். ஓரத்துக்கு மேல் தலை மட்டும் தெரிய நின்று, அந்தத் தடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பெருவிரல் வளைஞ்சிருக்கு. அவருதான்” என்றார். பிறகு, “நான் சொன்னதக் கேட்டிருக்காரு” என்றார்.

திருப்பதி கூரை மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“ஆறு வருஷம்ணே. தெனம் காலைல அவரு படத்தப் பாத்து, ஒரு செருப்பக் கழட்ட முடியலையா ஒனக்குன்னுதான் கேப்பேன். பிள்ளைக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தேன். ஒங்கப்பன் நம்மள நெனச்சிருந்தா அப்படி ஏறியிருப்பானான்னு. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியோட போகும். நான் ஒரு வருஷமும் போகல. அவ்வளவு கோவம்.”

அவர் குரல் உயரவே இல்லை. ஏதோ பட்டியல் வாசிப்பது மாதிரி இருந்தது. அதற்குப் பதில் கத்தியிருக்கலாம், சுத்தியலைப் பிடுங்கி அடித்திருக்கலாம் என்றிருந்தது திருப்பதிக்கு.

“இத ஒடையாம எடுத்துத் தரவா தங்கச்சி?” என்றார் திருப்பதி.

“கால் தடத்த வச்சு நான் என்ன பண்றது? வீடு ஒழுகுது. ஒடைங்க.”

இறங்கிப் போனார். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு வாசல் கதவைத் திறந்து தெருவில் இறங்கினார். மேலிருந்து பார்த்தால் கோயிலுக்கு அங்கிட்டுக் கல்லறைத் தோட்டத்து மதில் தெரியும். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு அங்கே யாருக்கும் எந்த வேலையும் கிடையாது. செல்வராணி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதும், வரிசை தெரியாமல் ரெண்டு மூன்று கல்லறைகளைக் குனிந்து பார்ப்பதும், கடைசியில் ஒரு இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுவதும் தெரிந்தன.

திருப்பதி உளி வைத்தார். ரெண்டே தட்டு. முன்பு கணக்குப் போட்டது சரிதான்.

இற்ற ரீப்பரை எடுத்துவிட்டுப் புதுக்கட்டை அடித்தார். கீழ்முனையில் முதல் மூடியை மாட்டினார். கண்ணீர் மறைத்ததால் ஸ்க்ரூ ரெண்டு முறை தவறி விழுந்தது. ஒவ்வொரு மூடி சொருகும்போதும் ஒரு முறை மதில் பக்கம் பார்த்துக்கொண்டார். ஆள் எழுந்திருக்கவில்லை. உச்சி மூடி முடுக்கி, தார்ப்பாயைச் சுருட்டிக் கீழே போட்டு, பெயர்ந்த கலவையையெல்லாம் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டியபோது மணி மூன்றரை. அப்போதுதான் செல்வராணி வந்தார். சேலையெல்லாம் மண்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

அண்ணாந்து பார்த்தார். மேற்கு ஓரம் ஒரே நேர்கோடாக, சிவப்பாக இருந்தது.

“இனிமே ஒழுகாதுல்ல?”

“ஒழுகாது. இருபது வருஷத்துக்குத் தொட வேணாம்.”

“அப்ப நீங்க வர வேண்டிய வேலையும் இல்ல.”

திருப்பதி தலையாட்டினார். “இளமதிகிட்ட…” என்று ஆரம்பித்தார்.

“நான் சொல்லிக்கிறேன். எப்பன்னு தெரியல. மாமா மாமாங்குறா. அத என்ன பண்றதுன்னும் தெரியல.” தலைவாசல் நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “நாலரைக்கு ஸ்கூல் பஸ் வந்துரும். அதுக்குள்ள போயிருங்க.”

திருப்பதி சாக்கு மூட்டையை மொபெட் வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, ஏணியைப் பக்கவாட்டில் கட்டினார். பஸ் மெயின் ரோட்டில் வரும். அதனால் கண்மாய்க் கரை வழியாகப் போனார். சுற்று வழி, சேறு. ரெண்டு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது.