ஸ்டாப்வாட்சில் அம்மாவின் மனசு

மனசை அளக்கலாம் என்று சித்தப்பா சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். எனக்குப் பத்து வயது, அவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. அது போதாதா?

எண்பதுகளில் நாங்கள் பம்மலில் குடியிருந்தோம். சித்தப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். தபாலில் சைக்காலஜி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். பிராக்டிகல் நோட்டை நிரப்ப ஆள் கிடைக்காமல் எங்களைப் பிடித்தார்.

"முன்னாடியெல்லாம் மனசைப் பத்தி சும்மா பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில ஒருத்தர் லேப் வெச்சு, கடிகாரத்தைக் கையில எடுத்தார். அப்பதான் இது சயின்ஸ் ஆச்சு."

"கடிகாரத்துல மணிதானே சித்தப்பா தெரியும்?"

"நான் டார்ச் அடிச்சதும் நீ மணி அடிக்கணும். நடுவுல துளி நேரம் ஆகுதுல்ல? அதுக்குள்ள வேலை செய்யறதுதான் மனசு."

இரண்டு நாள் அந்தத் துளி நேரத்தைத் தேடி அலைந்தேன். சூடான டம்ளரைத் தொட்டுக் கையை எடுப்பேன். நடுவில் உள்ளே என்ன நடந்தது என்று பிடிக்கப் பார்ப்பேன். விரல் கொப்பளித்ததுதான் மிச்சம்.

முதலில் அப்பா உட்கார்ந்தார். டார்ச் எரியும் முன்பே பூஜை மணியை அடித்தார்.

"ஆபீசுக்கு மட்டும் ஏண்ணா லேட்டா போறே?" என்றார் சித்தப்பா.

"போடா, நீயும் உன் படிப்பும்."

அம்மா சிரிக்கவில்லை. தம்பி பிறந்து மூன்றாம் நாள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அரிசியைக் களைந்துவிட்டு அப்படியே நிற்பாள். காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்றாள் அத்தை. கேளம்பாக்கத்தில் அம்மாவின் தாய்வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று அப்பா பேச ஆரம்பித்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார்.

"அண்ணியையும் டெஸ்ட் பண்ணிடலாம்ணா. மனசு சரியா இருந்தா நேரம் சரியா வரும்," என்றார் சித்தப்பா.

"வரலைன்னா ஞாயித்துக்கிழமையே கொண்டுபோய் விட்டுடறேன்," என்றார் அப்பா.

அம்மா உட்கார்ந்தாள். டார்ச் எரிந்தது. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அவள் மடியில் கிடந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான்.

"அண்ணி, கொஞ்சம் கவனிங்க."

நான் போய் அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தேன். டார்ச் எரிந்ததும் அவள் இடுப்பில் நகத்தால் ஒரு குத்து விட்டேன். மணி அடித்தது. அடுத்த தடவை இன்னும் பலமாகக் குத்தினேன். இருபது தடவை இதே கதை. சித்தப்பா கூட்டி வகுத்து, "பர்ஃபெக்ட் நார்மல்!" என்று குதித்தார். சயின்ஸாம்! ஒரு பத்து வயதுப் பெண்ணின் நகம் அது.

"பார்த்தியாக்கா, காத்துமில்ல கருப்புமில்ல."

"அப்ப இத்தனை நாளும் நடிப்பா?" என்றாள் அத்தை.

"நாளையிலேர்ந்து எழுந்து டிபன் கட்டச் சொல்லு," என்றார் அப்பா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா எங்கேயும் போகமாட்டாள்!

சித்தப்பா நோட்டில் கடைசித் தலைப்புக்கு வந்தார். சோதனையின்போது தன் மனசில் என்ன ஓடியது என்று உட்கார்ந்தவரே சொல்ல வேண்டிய இடம் அது. அந்த ஜெர்மன்காரரும் கடிகாரத்தை மட்டும் நம்பவில்லையாம், ஆளையும் கேட்பாராம்.

"அம்மாவைக் கேக்கலையா சித்தப்பா?"

"அதெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." 'சௌகரியமாக உணர்ந்தேன்' என்று எழுதினார். முன்பு எனக்கு டெஸ்ட் வைத்தபோதும் அதையேதான் எழுதியிருந்தார்.

அம்மா உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, "உனக்கு நகம் வெட்டணும்டி," என்றாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். அவளுடைய புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன, மேலே சீப்பும் சாந்துப் பொட்டும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அந்தப் பையைக் கட்டியது அப்பா என்றுதான் நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்குப் புடவை மடிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், சீக்கிரம் காலியாகட்டும் என்று நானே பாதிப் புடவைகளை வாங்கி பீரோவில் அடுக்கினேன்.