கைலி மூட்டிய வாரம்

ஒன்றையும் உருப்படியாகக் கற்றுக்கொள்ளாமல் பதினைந்தைக் கற்றுக்கொண்டவள் நான். ரவிக்கை தைப்பேன், இடது கை மட்டும் எப்போதும் அரை இஞ்ச் தூக்கும். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவேன். மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றுவேன். முதல் தடவை மாற்றியபோது அது தலைகீழாகச் சுற்றி, காற்றை எல்லாம் கூரைக்கு அனுப்பியது. சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் கிடைத்த ஒரு தை மாதம் கட்டிலுக்கு அடியில் காளான் போட்டேன். காளான் வரவில்லை, பச்சைப் பூஞ்சணம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்து, "எலி கிலி செத்துக் கெடக்கான்னு பாரும்மா" என்றார். அடுத்த வருஷம் ஒரு குழம்புக்குக் காளான் வந்தது. அந்த அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன், பயந்து பயந்துதான் சாப்பிட்டார்.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க வந்தாலும் பிடிக்காது. ஒரு வேலை கோணலாக வரும். ஏன் கோணிற்று என்று பிரித்துப் பார்ப்போம், புரியாது. மறுபடி பிரிப்போம். எங்கேயோ ஒரு இடத்தில், அட இதுவா சங்கதி என்று பிடிபடும். அந்த நிமிஷத்துக்காக நான் சோறு தண்ணியில்லாமல் கிடப்பேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக நகைநட்டைக்கூடச் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேரெதிர். சவுதியில் இருபத்து மூன்று வருஷம் கிரேன் ஓட்டினார். அந்த ஒரே வேலைதான். வெள்ளிக்கிழமை போன் பேசும்போது, "இந்த வாரம் என்ன புதுசா?" என்று கேட்பார். சொன்னால் சிரிப்பார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பார்.

"நீங்க அந்த ஒரு மரத்தயே வெட்டிக்கிட்டு அங்கயே நில்லுங்க மச்சான்" என்று போனை வைத்துவிடுவேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

போன நோன்புப் பெருநாளுக்கு, இனிமேல் பயணம் இல்லை என்று ஒரேயடியாக வந்துவிட்டார். முதல் மாதம் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் போனது. இரண்டாம் மாதம் பாபநாசம் கடைத்தெருவில் டீ குடித்தே போனது. மூன்றாம் மாதம் வாசல் கேட்டைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கிரேனில் ஏறிப் பழகிய உடம்பு. இங்கேயும் ஐந்துக்கு எழுந்தது, ஏற ஒன்றும் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடு இருக்கிறது, குறையொன்றும் இல்லை. சும்மா இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். மெல்ல சவுதி விசா ஏஜெண்டுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

மறுபடி பயணம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்தது லீவு நாட்களில் மட்டும்தான். "போகாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

போதாததற்கு நானே ஒரு காரியத்தைக் கெடுத்துவைத்தேன். ஒரு நாள் ரொட்டிக்கு மாவு கலந்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அவர் கையைக் கழுவிக்கொண்டு மாவைப் பிசைகிறார். நெற்றியில்கூட மாவு. முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"குடுங்க இங்க. இப்படியா பெசையறது?" என்று பாத்திரத்தைப் பிடுங்கினேன்.

அவர் கையைக் கழுவினார், வெளியே போனார். சாயங்காலம் வந்து, "திங்கக்கெழம திருச்சியில மெடிக்கல். அது முடிஞ்சா விசா வந்துரும்" என்றார்.

அன்று ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் என் தோளுக்குப் பின்னால் நின்று 'இப்படியா' என்று கேட்க ஆள் இல்லாததால்தானே நான் ஆனந்தமாக எல்லாவற்றையும் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்? எனக்குக் கிடைத்ததை அவருக்கு ஒரு கால்மணி நேரம்கூட நான் விட்டுவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, போகிற ஊருக்கென்று இரண்டு புதுக் கைலி வாங்கிவந்தார். புதுக் கைலி வெறும் துணியாகத்தான் வரும். இரண்டு முனையையும் சேர்த்து ஒரு தையல் போட்டால்தான் உடுத்தலாம், மூட்டுவது என்போம். கடை வாசலில் இருக்கும் தையல்காரர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டாராம்.

"ஒரே ஒரு கோடுதானே, நானே மூட்டிக்கிறேன்" என்று சனிக்கிழமை காலையில் என் மிஷினில் உட்கார்ந்தார்.

மிதித்த மிதியில் சக்கரம் பின்னோக்கி ஓடியது, நூல் கொத்தாகச் சிக்கியது. நான் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு, சுத்தமாக இருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துப்போய்க் கொல்லையில் மறுபடி தேய்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து அறையிலிருந்து வந்தார். கைலி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு முனையைத் திருப்பிப் பிடித்து மூட்டியிருக்கிறார், துணி முறுக்கிக்கொண்டுவிட்டது. முறுக்கை முன்னால் தள்ளினால் பின்னால் போனது, பின்னால் தள்ளினால் முன்னால் வந்தது. கட்டம் போட்ட துணிக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் வருகிற வினை. பாவாடை நாடாவில் நானும் பட்டிருக்கிறேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இது என்ன, காலக் கட்டிப் போடுது?" என்றார்.

"தெரியலயே மச்சான்" என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன கஷ்டமான பொய் அது.

பிரித்தார், மூட்டினார். மறுபடியும் முறுக்கு. மத்தியானம் சோற்றுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. ஆறிப்போன சோற்றைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வியாதி எனக்குத் தெரிந்த வியாதிதான். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், கூடத்தில் துணியை நீளமாக விரித்து, நான்கு மூலையிலும் என் அடுப்படி டப்பாக்களை வைத்து, ஒவ்வொரு முனையாகத் தூக்கி மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தார். ஐம்பத்து நான்கு வயது மனுஷன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த கைலியைப் பத்தே நிமிஷத்தில் மூட்டினார். பிறகு மூட்ட ஒன்றுமில்லாமல் வீட்டைச் சுற்றிவந்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் திங்கள் திங்கள் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை பஜ்ரு தொழுததும் இடியாப்பம் அவித்தேன். ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான் தஞ்சாவூர் போய் திருச்சிக்கு மாற முடியும். பொட்டலம் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே போனில் சத்தமில்லாமல் ஏதோ வீடியோ ஓடுகிறது.

"மச்சான், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"போகல."

"மெடிக்கலு?"

"வேணாம்னு ஏஜெண்டுட்ட நேத்தே சொல்லிட்டேன். தலகாணி ஒறைக்கு ஜிப் வெக்கிறது எப்படின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நீ ஒண்ணும் சொல்லிராத."

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். ஒவ்வொரு லீவு முடிந்தும் அவர் தூக்கிக்கொண்டு போகும் பெரிய கறுப்புப் பை, வாய் பிளந்து கிடந்தது. அதன் ஜிப்பை நுனியிலிருந்து நுனிவரை அறுத்து எடுத்திருந்தார்.

"நல்ல ஜிப்பு. புதுசு எதுக்கு வாங்கணும்?" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதேன். அவர் பதறிப்போய் மிஷினை விட்டு எழுந்து வந்தார்.

"ஏம்மா, ஒரு பைக்குப் போயி யாராவது இப்படி அழுவாங்களா?"

"பைக்குத்தான் அழுவுறேன்" என்றேன்.