இறுகிக்கொண்டிருந்த வாசல்

1. பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டு வாசலுக்குக் கான்கிரீட் போட்டோம்.
2. அதில் கருங்கல் வடிவத்தை அச்சுப் பதிக்க, சிதம்பரத்திலிருந்து வர வேண்டிய தொழிலாளர்கள் இருவரும் வரவில்லை.
3. கடல் காற்றில் கான்கிரீட் வேகமாக இறுகியது.

பொறியாளராக நான் தனியாக எடுத்த முதல் வேலை. கான்கிரீட்மேல் விரித்த ரப்பர் அச்சின்மேல் நானே ஏறிக் குதித்தேன். என் எடைக்குப் பதியவில்லை.

மணப்பெண்ணின் பெரியம்மா எட்டிப் பார்த்தார். "என்னாம்மா, தனியா ஆடுற?"

"எடை பத்தல பெரியம்மா. காஞ்சிட்டா எல்லாம் போச்சு."

"எடைதான? நம்மகிட்ட ஜாஸ்தி. ஏ, எல்லாரும் வாங்கடி!"

பெண்கள் கைகோத்து அச்சின்மேல் ஏறி மிதித்தார்கள். கல் வடிவம் பதிந்தது. ஆனால் கேட் பக்கம் போவதற்குள் கான்கிரீட் இறுகிவிட்டது.

வீடு நிறைய ஆட்கள் இருந்தும் உதவி கேட்கத் தயங்கியவள் நான்தான். கேட் பக்கம் இன்னும் வடிவம் பதியாத வெறும் தரைதான். அதனால் எனக்கு அடுத்த வேலை கிடைக்கவில்லை.